காணாமல் போன ஒன்பது கண்ணிகள்

நான் பின்ன நினைத்தது ஒரு சதுரம். சுடுபாத்திரத்தை இறக்கி வைக்க அடுப்படியில் ஒரு துண்டு கிடந்தால் நல்லது என்று ஆரம்பித்த வேலை. முதல் வரிசையில் 20 கண்ணி. அதற்கு மேல் ஒன்பது வரிசை ஏறிய பிறகு, ஏதோ சரியில்லையே என்று எண்ணிப் பார்த்தால் 11. கீழே அகலம், மேலே குறுகல். கவிழ்த்து வைத்த தம்ளரைச் சின்னப் பிள்ளை படம் வரைந்தது போல இருந்தது.

நாகர்கோவில் பக்கம், அத்தை வீட்டுத் திண்ணை, மே மாதத்து மதியம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்தத் துண்டை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். சிரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “கொள்ளாம் மக்ளே” என்றார். குமரி மாவட்டத்தில் இதற்கு ‘நன்றாயிருக்கிறது’ என்று பொருள். ஆனால் சொல்கிற தொனியில் ‘பரவாயில்லை, மேலே போ’ என்பதும் சேர்ந்தே வரும். பிறகு நாலாவது வரிசையில் விரலை வைத்தார். “இங்க பாரு, ஆறு கண்ணி ஒரே அளவா விழுந்திருக்கு. அப்போ நூலு எப்படி ஓடிச்சு?”

எப்படி ஓடியது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த வரிசையை நூலைப் பார்த்துக்கொண்டே பின்னினேன். ஒன்பது கண்ணிகள் எங்கே போயின என்பதை அவர் அதற்கு அப்புறம்தான் காட்டினார்.

அவை தொலைந்தது வரிசையின் ஓரத்தில். குரோஷாவில் ஒரு வரிசை முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் துணியைத் திருப்பி, வந்த வழியே பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த ஒற்றைச் செயின் அடுத்த வரிசைக்கு ஏறுவதற்கான படி; கணக்கில் சேராது. அதன் காலடியில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பழகாத கண்ணுக்கு அது தெரியாது; அதைத் தாண்டிப் பக்கத்துக் கண்ணியில் ஊசியை நுழைத்துவிடுவோம். வரிசைக்கு ஒன்று போச்சு. துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னுவதால் இழப்பு ஒரு தடவை இடது ஓரத்தில், ஒரு தடவை வலது ஓரத்தில். அதனால்தான் கோணல்கூட அவ்வளவு ஒழுங்காக வந்திருக்கிறது. “எங்கம்மை முதல்ல பின்னினதும் இப்படித்தான்னு அவளே சொல்லுவா” என்றார் அத்தை.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று அர்த்தம். நம் வீடுகளில் அது குரோஷா ஆகிவிட்டது. பெயரில் உள்ளதுதான் கருவியும்: நுனியில் கொக்கி செதுக்கிய ஒரு கம்பி. செய்கிற வேலையும் ஒன்றே ஒன்றுதான். ஏற்கெனவே இருக்கிற கண்ணி வழியாகப் புதுக் கண்ணியை இழுப்பது. வெறுமனே இழுத்துக்கொண்டே போனால் செயின். கீழ் வரிசைக் கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி இழுத்து, ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும்போது மறுபடி சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் சிங்கிள். நுழைக்கும் முன்பே ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் டபுள், இன்னும் உயரமாக வரும். (அமெரிக்காவில் சிங்கிள் என்பதை இங்கிலாந்தில் டபுள் என்பார்கள். மாதிரிக் குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் பின்னி, தொப்பிக்குப் பதில் தொட்டில் அளவுக்கு வந்த கதைகள் உண்டு.) மேசை விரிப்பு, பொம்மை, சால்வை எல்லாம் இந்த இழுப்பின் வகைகள்தான்.

இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டர் பின்னலுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே வரிசையில் உள்ள எல்லாக் கண்ணிகளும் ஊசி மேல் திறந்தபடி காத்திருக்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷாவில் திறந்திருப்பது எப்போதும் ஒரே ஒரு கண்ணி. மற்றவை எல்லாம் பூட்டப்பட்டவை. பாதியில் ஊசியை உருவி வைத்துவிட்டு உலை வைக்கப் போகலாம். திரும்பி வரும்போது அந்த ஒரு கண்ணி இருந்தால் போதும். தப்பு தெரிந்தால் நூலைப் பிடித்து இழுத்தால் தப்பு வரைக்கும் பிரிந்து, நூல் பழைய நூலாகவே கைக்கு வரும். உப்புக் கூடிய சாம்பாரை இப்படிப் பிரிக்க முடியாது. கத்தரி போட்ட துணியும் திரும்பாது. கற்றுக்கொள்ளுகிறவருக்கு இது பெரிய சலுகை. தப்புக்கு விலை பத்து நிமிடம். பொருள் சேதம் ஒன்றுமில்லை.

இருந்தும் முதல் வாரம் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வருகிற முதல் நோய் எனக்கும் வந்தது: இறுக்கம். நூல் ஓடிவிடுமோ என்ற பயத்தில் இழுத்துப் பிடிக்கிறோம், கண்ணி சுருங்குகிறது, அடுத்த வரிசையில் அதற்குள் ஊசி நுழைய மறுக்கிறது, அழுத்தி நுழைத்தால் நூல் பிசிறாகிறது, அந்த எரிச்சலில் இன்னும் இறுக்குகிறோம். நான் நூலை இடது கைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தேன். அத்தை வந்து ஒரு சுற்றை அவிழ்த்துவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த கண்ணியிலேயே வித்தியாசம் தெரிந்தது.

ஒரே ஒரு சுற்றுக்கு இவ்வளவு வலுவா என்றால், ஆம். கடற்கரையில் வள்ளம் கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அலை இழுக்கிற வள்ளத்தைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. கயிற்றை ஒரு குற்றியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் மறுமுனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைக்கலாம். உருளையைச் சுற்றிய கயிற்றில் உராய்வு கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு இழுவிசை சுமார் 6.6 மடங்கு. இரண்டு சுற்றுக்கு அதையே அதனால் பெருக்க வேண்டும்: 40 மடங்குக்கு மேல். கணித மேதை ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சூத்திரம் இது. வள்ளத்துக்கு வரம், சுண்டுவிரலுக்குச் சாபம். பழகியவர்கள் நூலை விரல்களுக்கு இடையே அலை அலையாக விட்டு, அரைச் சுற்று, கால் சுற்று என்று கூட்டிக் குறைத்துத் தேவையான இழுவையைச் சரியாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சூத்திரத்தை அத்தை கேள்விப்பட்டதில்லை.

கையின் பிரச்சினை பாதிதான். மீதி, மண்டைக்குள். கைத்திறன் பழகுவதை மூன்று கட்டமாகப் பிரித்து 1967-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியிருந்தார்கள் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள். முதல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்கிறோம்: நுழை, சுற்று, இழு, சுற்று, இழு. அடுத்த கட்டத்தில் இந்த ஐந்தும் ஒட்டி ஒரே அசைவாகின்றன. தப்பு வந்தால் கைக்கே தெரிகிறது. மூன்றாவது கட்டத்தில் கை தன்பாட்டில் ஓடுகிறது. வாய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசுகிறது. முதல் கட்டத்தில்தான் கண்ணிகள் தொலைகின்றன. ஒரே நேரத்தில் மனம் தாங்கிப் பிடிக்கக்கூடிய விஷயங்கள் நாலைந்துக்கு மேல் போகாது. ‘நுழை, சுற்று, இழு’ என்பதே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், எண்ணிக்கைக்கு எங்கே இடம்? நான் ஒன்பது கண்ணியைத் தொலைத்தது கணக்குத் தெரியாததால் அல்ல.

கைக்கு என்று தனி நினைவு இருப்பதை உலகுக்குக் காட்டியவர் ஓர் அமெரிக்க நோயாளி. ஹென்றி மொலைசன், மருத்துவ நூல்களில் பல காலம் ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்தாக மட்டுமே இருந்தவர். வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகளை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் போய்விட்டது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் எல்லோரையும் போலத் தடுமாறினார். மூன்று நாளில் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். அவருக்கு நினைவில்லை, கைக்கு நினைவிருந்தது. அந்த நினைவு சிறுமூளையிலும் மூளையின் ஆழத்தில் உள்ள அடிக்கருக்களிலும் அசைவுகளை ஆளும் புறணியிலும் பரவியிருக்கிறது என்பது இன்று தெரிந்த செய்தி.

இந்த நினைவு ஊறப் போட்ட அரிசி மாதிரி. விட்டுவிட்டால் தானே பதமாகும். விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விசையைத் தட்டப் பழகியவர்கள், இடையில் பயிற்சியே இல்லாமல் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள் என்று 2002-இல் மாத்யூ வாக்கரும் சகாக்களும் வெளியிட்டார்கள். தூக்கத்தின் பங்கு எவ்வளவு, வெறும் ஓய்வின் பங்கு எவ்வளவு என்ற வாதம் பின்னால் எழுந்தது, இன்னும் ஓயவில்லை. அத்தையின் சட்டம் எளிது: மூன்று முறை பிரித்தும் வரவில்லையென்றால் கூடையில் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். “நாளைக்கு வரும்.” வந்தது.

சரி, ‘கொள்ளாம்’ என்ற சொல்லுக்கு இதில் என்ன வேலை?

ஜப்பானின் ஒகசாகியில் உள்ள தேசிய உடலியல் ஆய்வு நிறுவனத்தில் சுகவாரா, சதாதோ குழுவினர் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். 48 பேர். 30 விநாடிக்குள் முடிந்தவரை வேகமாக ஒரு விசை வரிசையைத் தட்டப் பழகினார்கள். பழகி முடித்த பிறகு மூன்று பிரிவு. ஒரு பிரிவினரை மதிப்பீட்டாளர் ஒருவர் நேரடியாகப் பாராட்டினார். அடுத்த பிரிவினர் வேறொருவர் பாராட்டப்படுவதைப் பார்த்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தங்கள் வேகத்தின் வரைபடம் மட்டும் காட்டப்பட்டது. மறுநாள் எதிர்பாராமல் மறுபடி தட்டச் சொன்னபோது, தாங்களே பாராட்டுப் பெற்றவர்கள் மற்ற இரு பிரிவினரையும் முந்தினார்கள். கவனிக்க வேண்டியது, பாராட்டு பயிற்சி முடிந்த பிறகு வந்தது. அதைக் கேட்டு யாரும் கூடுதலாக ஒரு தடவைகூடப் பழகவில்லை. கை கற்றதைப் பதியவைக்கும் அந்த இரவு வேலையிலேயே நல்ல சொல் ஏதோ செய்திருக்கிறது. விசை தட்டுவதும் குரோஷாவும் ஒன்றல்ல. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு குதிக்கவும் கூடாது. ஆனால் எனக்கு இந்த ஆய்வு பிடித்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. ஷிவியகோவ்ஸ்கி, வுல்ஃப் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கைப் பார்க்க முடியாத நிலையில், பழக்கமில்லாத கையால் சிறு பைகளை இலக்கு நோக்கி எறியச் சொன்னார்கள். ஆறு எறிக்கு ஒரு தடவை, அதில் மூன்றுக்கு மட்டும் எங்கே விழுந்தது என்று சொல்வார்கள். ஒரு பிரிவுக்கு நன்றாக விழுந்த மூன்றைப் பற்றி. மற்றதற்கு மோசமாக விழுந்த மூன்றைப் பற்றி. சொல்லப்படுவது நல்ல மூன்றா, மோசமான மூன்றா என்பது எறிந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மோசமானதைப் பற்றிச் சொன்னால்தானே திருத்த முடியும் என்று நமக்குத் தோன்றும். மறுநாள் சோதித்தபோது, நல்ல எறிகளைப் பற்றிக் கேட்டவர்களே மேலாக எறிந்தார்கள். நாலாவது வரிசையின் ஆறு கண்ணிகளில் அத்தை விரல் வைத்ததை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

பாராட்டினாலே கற்றல் நடந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தத் திண்ணைக்கு ஓர் எதிர்வீட்டு அக்காவும் வருவார். எதைக் காட்டினாலும் “அய்யோ, சூப்பரா இருக்கே!” என்பார். நல்ல மனசு. ஆனால் கோணல் துண்டுக்கும் அதே சூப்பர், நேர் துண்டுக்கும் அதே சூப்பர் என்றால் அந்தச் சொல்லில் கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எனக்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. ஏழாம் வகுப்புத் தையல் பீரியடில், நான் பின்னிய கைக்குட்டை ஓரத்தை டீச்சர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “எலி கடிச்ச மாதிரி இல்ல?” என்று வகுப்பைக் கேட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நான் ஊசியைத் தொடவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. எலி கடித்த மாதிரிதான் இருந்தது.

குளூகர், டெனீசி என்ற இருவர் 1996-இல் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசினார்கள். 600-க்கு மேற்பட்ட ஒப்பீடுகள், 23,000-க்கு மேற்பட்ட அவதானிப்புகள். ‘நீ செய்தது எப்படி இருக்கிறது’ என்று சொல்வது சராசரியாகப் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அது செயலைக் கெடுத்திருந்தது. அவர்கள் கண்ட விளக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சொல் வேலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கி ஆள் மேல் திருப்பும்போது பலன் தேய்கிறது. திட்டுக்கு மட்டுமல்ல, பாராட்டுக்கும் இது பொருந்தும். 1998-இல் மியூலர், ட்வெக் செய்த ஆய்வில், ‘நீ கெட்டிக்காரி’ என்று பாராட்டப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிரில் தோற்றதும், ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்ட பிள்ளைகளைவிடச் சீக்கிரம் சோர்ந்தார்கள். கெட்டிக்காரி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய கவலை அவர்களுக்கு.

கவனம் எங்கே நிற்கிறது என்பது உடலுக்குள்ளேயும் கணக்காகிறது. மேலே சொன்ன வுல்ஃப், விண்ட் சர்ஃபிங் பழகும்போது தன் கால்களை நினைப்பதைவிடப் பலகையை நினைத்தால் நன்றாக வருவதைக் கண்டார். பிறகு 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் இதைச் சோதித்தார். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிடக் காலடியில் உள்ள சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகப் பழகினார்கள். உறுப்பைக் கண்காணிக்கத் தொடங்கினால், தானாக ஓட வேண்டிய அசைவை நாமே இடைமறிக்கிறோம். அத்தை ‘கை எப்படி இருந்தது’ என்று கேட்கவில்லை. ‘நூலு எப்படி ஓடிச்சு’ என்றார். டீச்சர் நாற்பது ஜோடிக் கண்களை என் மேல் திருப்பினார். அத்தை என் ஒரு ஜோடிக் கண்ணை நூல் மேல் திருப்பினார். ஊக்கம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் வேலை செய்வது இந்தத் திருப்பம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிய சொல் அதன் மேல் தடவிய சர்க்கரை, வேண்டாம் என்றில்லை.

அவர் செய்த மற்றவை பின்னால்தான் புரிந்தன. முதல் வரிசையை அவரே போட்டுக் கொடுத்தார். வெறும் செயினுக்குள் ஊசி நுழைப்பதுதான் புதியவருக்கு ஆகக் கஷ்டம். அவருடைய மெல்லிய இரும்பு ஊசியைத் தரவில்லை. 5 மில்லிமீட்டர் ஊசியும் தடித்த வெளிர்மஞ்சள் உல்லன் நூலும் வாங்கி வைத்திருந்தார். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஊக்கு ஒன்றைக் குத்திவைக்கச் சொன்னார். ஊக்கு இருந்தால் ஒளிந்த கண்ணி ஒளிய முடியாது. இரண்டு வாரத்தில் ஊக்கைக் கேட்காமலே எடுத்துவிட்டார். 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 21 மரத் துண்டுகளை அடுக்கிப் பிரமிடு கட்டுவதற்கு ஒரு பெரியவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்து, அந்த உதவிக்குச் ‘சாரம்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்போது கட்டி, நின்றதும் பிரிக்கிற சாரம்தான். எப்போது கட்டுவது என்பதைவிட எப்போது பிரிப்பது என்பதில்தான் சொல்லிக்கொடுப்பவரின் கை தெரிகிறது.

அத்தைக்கு அந்தக் கை அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அவர் லேஸ் பின்னிக் கூலி வாங்கியவர். நாகர்கோவிலில் 1820-களிலேயே மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அது குரோஷா அல்ல; திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்குவது. அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் அதைத் தொடங்கினார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவர் வீட்டில் லேஸும் வளர்ந்தது. குரோஷா வேரூன்றியது ஆந்திரத்தின் நரசாபுரத்தில். அங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் எழுதிய புத்தகம், அவர்கள் உழைப்பு ‘ஓய்வு நேரப் பொழுதுபோக்கு’ என்று பெயர் சூட்டப்பட்டு எப்படி அடிமாட்டு விலைக்குப் போனது என்பதைக் காட்டியது. எனக்கு இது பொழுதுபோக்கு. அத்தையின் அம்மாவுக்கு அரிசி. இதையும் சொல்லிவிட வேண்டும்: உண்மையான குரோஷாவைப் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைக்கு வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷா மேல்சட்டை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால், கண்ணி கண்ணியாகப் பின்னியது. அந்த விலைச்சீட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் கூசுகிறது.

சதுரம் வசப்பட்டதும் வட்டத்துக்குப் போனேன். வட்டம் நடுவிலிருந்து வளர்வது. முதல் சுற்றில் 6 சிங்கிள். அடுத்ததில் 12, பிறகு 18, 24, 30. சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும். ஏன் ஆறு என்று அத்தையைக் கேட்டேன். “ஆறு போட்டாத்தான் படுத்துக் கிடக்கும்.” காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. சுற்றளவு அதைப்போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூட வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஆறு. டபுள் கண்ணி கிட்டத்தட்ட இரு மடங்கு உயரம் என்பதால் அங்கே பன்னிரண்டு. π-யின் மதிப்பைப் பாட்டிமார்கள் விரலால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்புக்கு நீளம் போதாமல் கிண்ணமாகக் குவியும்; தொப்பி அப்படித்தான் பிறக்கிறது.

நான் செய்தது எதிர்த்தப்பு. ‘இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போடு’ என்று அவர் சொன்னதை எல்லாச் சுற்றுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 6, 12, 24, 48, 96. தட்டையாகக் கிடக்க 30 போதும் என்கிற இடத்தில் 96. அத்தனை நீளத்துக்கு அந்த விளிம்பு எங்கே போகும்? மடிந்தது, நெளிந்தது, சுருண்டது. கையில் நின்றது ஒரு கோழிக்கொண்டைப் பூ.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணிதவியலாளர் 1997-இல் வேண்டுமென்றே பின்னியது இதைத்தான். யூக்ளிட் வடிவியலில், ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதை வெட்டாத கோடு ஒன்றுதான் போட முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போயாயும் கண்ட அதிபரவளைய வடிவியலில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மாணவர்களுக்கு இதைக் கையில் கொடுத்துக் காட்டக் காகித மாதிரிகள்தான் இருந்தன, தொட்டால் கிழியும். டைமினா முதலில் இரட்டை ஊசிப் பின்னலில் முயன்றார். கண்ணிகள் பெருகப் பெருக ஊசியில் இடம் போதவில்லை. ஒற்றைக் கண்ணி மட்டும் திறந்திருக்கும் குரோஷா கைகொடுத்தது. எத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டுவது என்ற விகிதத்தை மாற்றாமல் பின்னிக்கொண்டே போவதுதான் அவர் கண்ட வழி. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஹிங்கே ஒசிங்காவோ, குரோஷா பின்னிக்கொண்டிருந்த தன்னிடம் சக கணிதவியலாளரான பெர்ண்ட் கிரவுஸ்கோப், உருப்படியாக ஏதாவது பின்னக் கூடாதா என்று கேட்க, ஒழுங்கின்மைக் கோட்பாட்டில் வரும் லோரென்ஸ் பரப்பை 25,511 கண்ணிகளில், சுமார் 85 மணி நேரத்தில் பின்னி முடித்தார். ஊக்கத்தில் இதுவும் ஒரு வகை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். கோழிக்கொண்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இப்படி வந்தவற்றை எல்லாம் அவர் பிரித்துப் போட்டிருக்கிறார். “அப்போ இது தப்பில்லியா?” என்றார். விரிப்புக்குத் தப்புதான், கணக்குக்குச் சரி என்றேன். அந்தத் துண்டு ரொம்பச் சுருண்டுவிட்டதால், ஐந்து கண்ணிக்கு ஒன்று கூட்டி மூன்று நாளில் இன்னொன்று பின்னினேன். அதை மடித்தால் விழுகிற மடிப்புத்தான் அந்தப் பரப்பின் நேர்க்கோடு. ஒரு மடிப்பை மடித்துக் காட்டினேன். அத்தை ஊசியில் சிவப்பு நூல் கோத்து அதன் மேலேயே ஓட்டினார். தள்ளி ஒரு புள்ளியில் ஊக்கு குத்தி, அதன் வழியாக இரண்டாவது மடிப்பு, பிறகு மூன்றாவது. மூன்று சிவப்புக் கோடுகள்.

“இந்த ரெண்டும் அந்த ஒண்ணை எங்கயும் முட்டாதா?”

“முட்டாது அத்தை. எவ்வளவு பெருசாப் பின்னினாலும்.”

நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோட்டின் மேல் நகத்தை வைத்து, நெளிவு நெளிவாக விளிம்பு வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனார். பிறகு துணியைத் திருப்பி அடுத்த கோட்டில் நகத்தை வைத்தார்.